கையோடு முடிவு கிடைக்குமா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸும் மலிவுப் பரிசோதனையும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வந்து தாக்கும் நோய் அல்ல. அதற்குக் காரணமான எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸ் உடலில் நுழைந்து, நிலைத்து, செல்களைக் கெடுத்து, புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் என்றைக்காவது ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் சில நிமிட சிகிச்சையில் தடுத்துவிடலாம். இருந்தும் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது என்றும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகான் மதிப்பிட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டு அவகாசம் தரும் நோய்க்கு இத்தனை பேரைப் பறிகொடுப்பது எனக்குப் பெரும் கோபத்தைத் தருகிறது.

குறை எங்கே என்று தேடினால் விடை பரிசோதனைக் கூடத்தில் மட்டும் இல்லை. வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் விற்று முடிக்கும்போது மதியம் ஆகிவிடும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நடக்கும் நேரமும் பெரும்பாலும் அதே காலை நேரம்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அப்படித்தான். ஒருநாள் வியாபாரத்தையோ கூலியையோ விட்டு வரலாம். மாதிரி கொடுக்க ஒருநாள், முடிவு வாங்க ஒருநாள், பெரிய மருத்துவமனையில் காட்ட ஒருநாள், சதைத் துணுக்கு எடுக்க ஒருநாள், அதன் முடிவுக்கு ஒருநாள், சிகிச்சைக்கு ஒருநாள் என்றால் எந்த வலியும் தெரியாத ஒருத்தி எதற்காக வருவாள்? ஒவ்வொரு அழைப்பிலும் சிலர் உதிர்ந்துகொண்டே போவார்கள். உதிர்ந்தவர்களில்தான் நோய் முற்றுகிறது.

விரைவான, மலிவான எச்.பி.வி. பரிசோதனையை உருவாக்கும் முயற்சியை இந்தக் கணக்கிலிருந்துதான் பார்க்க வேண்டும். சோதனைப் பட்டையின் விலை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. அந்தப் பெண் வளாகத்தை விட்டு வெளியே போவதற்குள் முடிவு வருமா, முடிந்தால் அன்றைக்கே சிகிச்சையும் கிடைக்குமா என்பது மீதிப் பாதி.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு 1983-ல் எச்.பி.வி. 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தது. இதற்காக அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடியவை 14 அளவில் இருக்கும். அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இவை உண்டாக்கும் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள், செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காவல் காக்கும் பி53, ஆர்.பி. என்ற புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன.

கொரோனாவுக்கும் கர்ப்பத்துக்கும் பதினைந்து நிமிடப் பட்டை வந்துவிட்டதே, இதற்கு ஏன் இல்லை என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கர்ப்பமானால் ஒரு ஹார்மோன் சிறுநீரில் ஏராளமாக வருகிறது. கொரோனா வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் கோடிக்கணக்கில் பெருகுகிறது. எச்.பி.வி. அப்படி வெளிப்படையாக நடந்துகொள்வதில்லை. அது இரத்தத்தில் சுற்றுவதில்லை. அதனால் இரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்களுக்குள்ளேயே ஒடுங்கியிருக்கிறது. புற்றுநோயை நோக்கி நகரும் கட்டத்தில் வைரஸின் வெளியுறைப் புரதம் குறைந்துபோகிறது. பட்டையில் பிடிக்கத் தோதான பொருளே அருகிவிடுகிறது. ஈ6 புரதத்தை நேரடியாகப் பிடிக்கும் பட்டைகளும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அவை ‘ஆம்’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால், புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் பலரை அவை தவறவிட்டுவிடுகின்றன. முதல் சல்லடையாக அவற்றை வைக்க முடியாது.

ஆகவே வைரஸின் டி.என்.ஏ.வைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அது மிகக் குறைவாக இருப்பதால் முதலில் அதைப் பல கோடி நகல்களாகப் பெருக்க வேண்டும். பி.சி.ஆர். முறையில் மாதிரியை 95 டிகிரி வரை சூடாக்கி, பிறகு 60 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, இதையே முப்பது நாற்பது முறை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதற்கு விலை உயர்ந்த இயந்திரம், தடையில்லா மின்சாரம், பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பநர் எல்லாம் வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க, ஒரே வெப்பநிலையில் நகலெடுக்கும் முறைகள் வந்தன. ஜப்பானில் உருவாகி 2000-ல் வெளிவந்த ‘லாம்ப்’ முறைக்கு 60 முதல் 65 டிகிரி போதும். பின்னர் வந்த ‘ஆர்.பி.ஏ.’ முறை 40 டிகிரியை ஒட்டியே வேலை செய்கிறது. சென்னையின் மே மாத வெயிலே கிட்டத்தட்ட அந்தச் சூடுதான். மரபணுக்களை வெட்டும் கிரிஸ்பர் நொதியைக் கொண்டு 16, 18 வகைகளை அடையாளம் காண முடியும் என்று அமெரிக்காவில் ஜெனிஃபர் டௌட்னாவின் குழு 2018-ல் காட்டியது. டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, இதே இரண்டு வகைகளையும் ஒரே வெப்பநிலையில் பெருக்கிக் காகிதப் பட்டையில் கோடாகக் காட்டும் சோதனையை 2023-ல் வெளியிட்டது. முடிவுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கட்டுரையில் வேலை செய்யும் ஒரு சோதனை, திருவொற்றியூரின் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் வேலை செய்வதற்குள் பல பள்ளங்களைத் தாண்ட வேண்டும். நொதிகள் குளிர்ப்பெட்டியை எதிர்பார்ப்பவை. அதனால் அவற்றை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி அடைக்க வேண்டும். கோடிக்கணக்கான நகல்களை உண்டாக்கிய குப்பியை ஒருமுறை திறந்துவிட்டால் அந்த டி.என்.ஏ. மேஜையிலும் கையுறையிலும் படிந்து, அடுத்து வரும் பெண்ணின் மாதிரியில் கலந்து, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். ஆய்வகத்தில் இதற்கென்று தனித்தனி அறைகள் இருக்கும். சுகாதார நிலையத்தில் ஒரே அறையில்தான் தடுப்பூசியும் போட வேண்டும், இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எனவே எல்லாம் மூடிய பெட்டகத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். வேதிப்பொருள் மலிவானதுதான், அந்தப் பெட்டகம்தான் விலையை ஏற்றுகிறது. எடுத்த மாதிரியில் உண்மையிலேயே செல்கள் இருந்தனவா என்று சரிபார்க்க மனித மரபணு ஒன்றையும் கூடவே தேட வேண்டும். அந்தச் சரிபார்ப்பு இல்லாத சோதனையில், தூரிகை சரியாகப் படாமல் போன பெண்ணும் ‘தொற்று இல்லை’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். என் பார்வையில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஒருபோதும் கைவைக்கக் கூடாத இடம் அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சோதனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது என்றுதான் நாம் நினைப்போம். எச்.பி.வி. விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துபோகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே மறைந்துவிடுகின்றன. ஒரு துளி வைரஸைக்கூட விடாமல் பிடிக்கும் சோதனை, தானாக ஆறிவிடும் தொற்றுள்ள பெண்களையும் பயமுறுத்தி மருத்துவமனைக்கு அலையவைக்கும். வைரஸைக் காண்பது எளிய பாதி. சிகிச்சை தேவைப்படும் செல் மாற்றம் எவரிடம் இருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டும் அளவில் கோட்டைப் போடுவதுதான் கடினமான பாதி. 30 வயதுக்கு மேல் சோதிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். இளம் வயதில் வரும் தொற்று பெரும்பாலும் போய்விடும். முப்பதைத் தாண்டியும் நிலைத்திருப்பதுதான் கவலைக்குரியது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு மட்டும் 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எத்தனை வகைகளைத் தேடுவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. பதினான்கையும் தேடினால் அபூர்வமாகவே புற்றுநோய் உண்டாக்கும் சில வகைகளும் அகப்பட்டுப் பட்டியல் நீளும். இரண்டை மட்டும் தேடினால் 30 சதவீதப் புற்றுநோய்களின் மூலம் கண்ணில் படாது. 16, 18 உடன் 31, 33, 35, 45, 52, 58 என எட்டு வகைகளைத் தேடினால் மிகப் பெரும்பான்மையைப் பிடித்துவிடலாம், வீண் அலைச்சலும் குறையும். கோவாவின் மோல்பயோ நிறுவனம் ‘ட்ரூநாட்’ கருவிக்காக உருவாக்கிய எச்.பி.வி. சில்லு இந்த எட்டையும் தேடுகிறது. ஒரு மணி நேர அளவில் முடிவு சொல்கிறது. டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட ஆய்வகங்களில் இந்தியத் தயாரிப்பு எச்.பி.வி. சோதனைகள் சரிபார்க்கப்பட்ட செய்தியை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2025 ஏப்ரலில் வெளியிட்டது. இதில் எனக்கு நம்பிக்கை தரும் விஷயம், ட்ரூநாட் ஏற்கெனவே காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் புழங்கும் கருவி என்பது. பேட்டரியில் ஓடும், மேஜையில் அடங்கும், கொரோனாக் காலத்திலும் பயன்பட்டது. புதிய இயந்திரம் வாங்காமல் சில்லை மட்டும் மாற்றி இன்னொரு நோயையும் தேட முடியும் என்றால் அதுவே பெரிய சேமிப்பு.

இந்தச் சோதனைக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கான சான்று நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு 2009-ல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை வழங்கப்பட்ட குழுவில், எட்டு ஆண்டுகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 34 பேர் இறந்தார்கள். சோதனை வழங்கப்படாத குழுவில் 64 பேர். இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில், செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் ஸ்மியரும், அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் ‘வயா’ முறையும் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு எச்.பி.வி. இல்லை என்று வந்துவிட்டால் பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தால் போதும். விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன?

அதற்காக ‘வயா’வைத் தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தபோது, பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்த வயா சோதனையால் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. செய்முறை எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கிறது. செவிலியர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து அங்கேயே சொல்லிவிடுகிறார். கையோடு முடிவு சொல்லும் சோதனை ஏற்கெனவே நம்மிடம் இருந்திருக்கிறது. அதன் பலவீனம் எல்லாம் பார்க்கும் கண்ணைச் சார்ந்திருப்பதுதான். திண்டுக்கல்லில் செவிலியர்களுக்கு நல்ல பயிற்சியும் தொடர்ந்த கண்காணிப்பும் இருந்தன. வெளிச்சம் போதாத அறையில், நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, அதே கண் அதே முடிவைத் தராது.

தமிழ்நாடு இதில் பிற மாநிலங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது. தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆனாலும் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுமைக்கும் 1.9 சதவீதம். நூற்றில் பத்துப் பேரைக்கூட எட்டாத நிலையை ‘முன்னணி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2030-க்குள் 70 சதவீதப் பெண்களுக்குத் தரமான சோதனை என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேட்டுக் கணக்குப்படி, 1980-களிலிருந்து சென்னையில் இந்த நோய் படிப்படியாகக் குறைந்துவந்திருக்கிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது வகித்த முதலிடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. திருமண வயது உயர்ந்ததும் பிரசவங்கள் குறைந்ததும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நகரத்தின் சராசரி இறங்கும்போது, அந்த இறக்கத்தில் பங்கு கிடைக்காத தெருக்கள் கணக்கில் மறைந்துபோகும் ஆபத்தும் கூடவே வருகிறது.

சரி, வடசென்னைக்கு எந்த மாதிரி சோதனை பொருந்தும்? முதல் சிக்கல் எண்ணிக்கை. ‘கேர்எச்பிவி’ என்ற சோதனை இத்தகைய இடங்களுக்காகவே உருவாக்கப்பட்டு 2008-ல் சீனாவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இரண்டரை மணி நேரத்தில் முடிவு வரும், விலையும் குறைவு. ஆனால் ஒரே தட்டில் ஏறக்குறைய 90 மாதிரிகளைச் சேர்த்து ஓட்டினால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். ஒரு நாளைக்குப் பத்துப் பெண்கள் வரும் நிலையத்தில் தட்டு நிரம்ப ஒன்றரை வாரம் ஆகும். ‘விரைவு’ என்ற சொல் அங்கேயே அடிபட்டுப்போகிறது. ஒவ்வொன்றாக ஓட்டும் சில்லில் காத்திருப்பு இல்லை, ஆனால் ஒரு சோதனையின் விலை கூடும். பல நிலையங்களின் மாதிரிகளைத் தண்டையார்பேட்டையில் ஓர் இடத்தில் சேர்த்து மலிவாக ஓட்டலாம் என்பது கணக்குப் பார்ப்பவர்களின் யோசனை. நான் அந்தக் கணக்கில் வராமல்போன பெண்களையும் சேர்க்கச் சொல்வேன். 200 ரூபாய் சேமித்து, முடிவு வாங்க வராத பெண்ணை இழந்தால் அது சேமிப்பு ஆகாது. வாரத்தில் இரண்டு நாள் பிற்பகலில், மீன் விற்று முடித்த நேரத்தில், ஒரு நிலையத்தில் இரண்டு மூன்று கருவிகளை வைத்து ஓட்டினால் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம்.

மாதிரி எடுப்பதில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பெண் தானே மெல்லிய தூரிகையை உள்ளே விட்டுச் சில முறை சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். நகலெடுத்துப் பெருக்கும் வகை எச்.பி.வி. சோதனையில், அது மருத்துவர் எடுத்த மாதிரிக்குக் கிட்டத்தட்ட ஈடான முடிவைத் தருகிறது. 2021-ஆம் ஆண்டு வழிகாட்டலில் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. மேஜையில் படுத்து, அந்நியர் முன்னால் உடை விலக்கிக் கிடக்கும் கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது; அது இங்கே இல்லை. வீட்டிலேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று தூரிகையைக் கொடுத்தனுப்புவது எல்லா இடத்துக்கும் சரிவராது. ஒற்றை அறைக் குடியிருப்பில், பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் பெண்ணுக்குத் தனிமை எங்கே கிடைக்கும்? சுகாதார நிலையத்தில் தாழ்ப்பாள் சரியாக விழும் ஒரு சுத்தமான கழிப்பறை இருந்தால், தொழில்நுட்பம் செய்யாத காரியத்தை அது செய்யும்.

‘தொற்று இருக்கிறது’ என்று வந்தால் அடுத்தது என்ன? இதற்குப் பதில் இல்லாமல் சோதனையை மட்டும் கொண்டுவந்து இறக்குவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. தொற்றுள்ளவரின் கர்ப்பப்பை வாயை அன்றே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, பொருத்தமானால் வெப்பச் சிகிச்சை கொடுக்கலாம். கையடக்கக் கருவியின் முனை 100 டிகிரி அளவுக்குச் சூடாகி, மாற்றமடைந்த தோலை ஒரு நிமிடத்துக்குள் கருக்கிவிடுகிறது. முன்பிருந்த உறைநிலைச் சிகிச்சைபோல் வாயு சிலிண்டர் தேவையில்லை, பேட்டரி போதும். மாற்றம் உள்ளே ஆழமாகப் போயிருந்தாலோ புற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலோ ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்படும் பெண் சீட்டோடு தனியாக வரிசையில் நிற்கக் கூடாது. பெயர் சொல்லி அழைத்துப்போக ஒருவர் வேண்டும்.

முடிவைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். இது பாலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்பது உண்மை. அந்த ஒரு வரி மட்டும் வீட்டுக்குப் போனால் சந்தேகமும் அடியும் அவள்மீதுதான் விழும். தொற்று பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்து உறங்கிக் கிடந்திருக்கலாம், கணவனிடமிருந்தே வந்திருக்கலாம், யாருடைய நடத்தைக்கும் இது சான்று இல்லை. இதைச் செவிலியர் நிதானமாக உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். திட்டம் தீட்டுபவர்கள் அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்தே ஆள் ஒதுக்க வேண்டும்.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்ற எண்ணமும் பரவுகிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவசியமான செலவு. அதன் பலன் அந்தச் சிறுமிகள் நடுத்தர வயதை அடையும்போது முழுமையாகத் தெரியும். அவர்களுடைய அம்மாவுக்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் சோதனை ஒன்றே வழி. பாட்டியைக் குறிப்பாகச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றபின் கர்ப்பப்பை வாயில் செல் மாறும் பகுதி உள்வாங்கிவிடுவதால், வயா சோதனையில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கும் நம்பகமாகச் சொல்வது எச்.பி.வி. சோதனைதான்.

புதிய சோதனை தெருமுனைக்கு வரும் நாள்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 30 வயதைக் கடந்த பெண்கள் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். மாதவிடாய் இல்லாத நாளில் போக வேண்டும். உறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வயதையும் பார்க்க வேண்டாம், பரிசோதனை முகாமுக்கும் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஏனென்றால் விரைவுப் பரிசோதனை என்பது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது.